எல்லையை வகுப்பவர் யார்?

திருவாலங்காட்டு மக்கள் வீடு மாறவில்லை, நிலத்தை விற்கவில்லை, மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடவும் இல்லை. ஆயினும் ஆறே ஆண்டுகளுக்குள் அவர்களுடைய ஐகோர்ட்டு மூன்று முறை மாறியது! வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? வேடிக்கை அல்ல, தோழர்களே, வரலாறு!

1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா அங்கே சென்றது. அதோடு சேர்ந்து திருத்தணி தாலுகாவும் சென்றது. சில மாத காலம் சென்னை ஐகோர்ட்டே அவர்களுக்கும் ஐகோர்ட்டாக இருந்தது. 1954 ஜூலை 5இல் குண்டூரில் ஆந்திர ஐகோர்ட்டு திறக்கப்பட்டது. அப்பீலுக்கு அங்கே போ என்றார்கள். 1956 நவம்பரில் அது ஐதராபாத்துக்கு மாறியது. அங்கே போ என்றார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தாயகத்தோடு சேர்ந்தது. மீண்டும் சென்னைக்கு வா என்றார்கள். அரக்கோணம் வண்டியில் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய ஐகோர்ட்டு, இடையிலே கிருஷ்ணா நதிக்கரை அளவுக்குப் போய்விட்டு வந்தது!

நிலத்துக்கு எல்லை இருப்பதுபோலக் கோர்ட்டுக்கும் எல்லை உண்டு. எந்த ஊர் வழக்கை அது கேட்கலாம், எந்தப் பொருளைப் பற்றிக் கேட்கலாம், யாருடைய செயலை நிறுத்தலாம், யாருடைய செயலைத் தொடக்கூடாது என்பதுதான் அந்த எல்லை. சட்டப் புலவர்கள் இதை அதிகார வரம்பு என்பார்கள். "இது வக்கீல்கள் பேச்சு, நமக்கென்ன?" என்று தொழிலாளத் தோழன் விலகிப்போகக் கூடாது. அந்த வரம்பு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவனது கூலி இருக்கிறது; அவனது சங்கம் இருக்கிறது; அவன் மகனது கல்லூரி இடம் இருக்கிறது; அவன் போட்ட ஓட்டின் மதிப்பும் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்கிறோம்: அந்த எல்லையை வகுப்பவர் யார்?

செப்பேடும் சட்டமும்

மன்னராட்சிக் காலத்தில் விடை எளிது. ராசேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகளுக்குத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் என்றே பெயர். பழையனூர் என்ற கிராமத்தைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியை அவை சொல்லுகின்றன. மன்னன் வாய் திறந்தான், ஊர் கைமாறியது. ஊராரைக் கேட்டு எல்லை வகுக்கும் கடமை மன்னனுக்கு ஏது?

1960இல் நடந்தது வேறு. எல்லை மீட்க ம.பொ.சி. அவர்களின் தமிழரசுக் கழகம் களம் இறங்கியது. ஊர் ஊராகக் கூட்டம், ஊர்வலம், மறியல், சிறை! உயிரையே ஈந்தவர்களும் உண்டு. அதன் பின்னர்தான் எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்தார். கிராமத்தை அலகாகக் கொள். அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழியைப் பார். நிலத் தொடர்ச்சி உண்டா என்று நோக்கு. இதுதான் அவர் கைக்கொண்ட முறை. அதன்படி 1959இல் பார்லிமெண்ட் எல்லை மாற்றச் சட்டம் செய்தது. திருத்தணி இங்கே வந்தது. இங்கிருந்து சில ஊர்கள் அங்கே சென்றன. ஆந்திரத் தோழனோடு நமக்குப் பகை இல்லை; அவன் ஊர் அவனுக்கு, நம் ஊர் நமக்கு என்பதே நியாயம்.

இதைக் கோர்ட்டு தீர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மக்கள் தீர்த்தார்கள், மக்கள் பிரதிநிதிகள் சட்டமாக்கினார்கள்.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி. அங்கே ரோட் தீவு என்ற மாநிலம் 1832இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின்மீது எல்லை வழக்குத் தொடுத்தது. இரு மாநிலங்களின் எல்லையைத் தீர்மானிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 1838இல் சொல்லிற்று. அப்போதைய தலைமை நீதிபதி டேனி, "இது அரசுரிமைப் பிரச்சினை, நம் வேலையல்ல" என்ற கருத்தில் மாறுபட்டு எழுதினார். வழக்கு முடிந்தது 1846இல்! பதினான்கு ஆண்டு! நம் நாட்டிலும் பெல்காம் எல்லைக்காக மராட்டிய மாநிலம் 2004இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. இருபது ஆண்டு சென்ற பின்னும் இறுதித் தீர்ப்பு வந்தபாடில்லை. திருத்தணி, கோர்ட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணிப் பாருங்கள்!

பெரம்பூரிலே ஒரு தடையுத்தரவு

திருவாலங்காட்டு நிலையத்தில் வண்டி ஏறிச் சென்னை நோக்கி வந்தால் பெரம்பூர். பக்கிங்காம் - கர்நாட்டிக் ஆலை ஒரு காலத்தில் புகை கக்கிய வட்டாரம். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கே பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயன்றனர், வாடியா தலைமை ஏற்றார், திரு.வி.க. தோள் கொடுத்தார். 1920இல் ஆலையில் கதவடைப்பு. வெள்ளைக்கார முதலாளி பட்டாளத்தையா அழைத்தான்? அதைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்று அவனிடம் இருந்தது. ஐகோர்ட்டுக்குப் போனான்! "ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டுகிறார்கள்" என்று வாடியா முதலானோர்மீது வழக்குப் போட்டான், தடையுத்தரவு வாங்கினான். சங்கம் அமைப்பதே குற்றம்போல் ஆயிற்று.

அந்த அடிதான் நாட்டை விழிக்கச் செய்தது. 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. வேலைநிறுத்தத்தால் ஒப்பந்தம் முறிந்தது என்று காட்டிச் சங்கத்தின்மீது சிவில் வழக்குப் போடும் வழியை அச்சட்டம் அடைத்தது. அதாவது, கோர்ட்டின் எல்லையைச் சட்டசபை சுருக்கிற்று. ஏழைக்காகச் சுருக்கிற்று!

இதே கதைதான் அமெரிக்காவிலும். 1894இல் புல்மன் ரயில்பெட்டித் தொழிலாளருக்காக ரயில்வே தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸ் போராட்டம் நடத்தினார். தடையுத்தரவு வந்தது, மீறினார், கோர்ட்டு அவமதிப்பு என்று ஆறு மாதச் சிறை, 1895இல் சுப்ரீம் கோர்ட்டும் சரி என்றது. 1905இல் இன்னொரு கொடுமை. ரொட்டிக் கடைத் தொழிலாளியை நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் செய்திருந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அதைச் செல்லாது என்றனர். காரணம்? முதலாளியும் தொழிலாளியும் விரும்பியபடி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம் கெட்டுப்போகிறதாம்! அடுப்படியில் 60 மணிக்கு மேல் வேகும் சுதந்திரம்! அது யாருக்கு வேண்டும்?

அந்தக் காலத்தில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் ஓர் ஆசிரியர் இருந்தார். பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் என்பது அவர் பெயர். வியன்னாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். கோர்ட்டுகளின் அதிகார வரம்பையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர். தொழிலாளர்மீது கோர்ட்டுகள் வீசிய தடையுத்தரவுகளை ஆராய்ந்து, நேதன் கிரீன் என்பவரோடு சேர்ந்து 1930இல் ஒரு நூல் எழுதினார். புத்தகம் அலமாரியில் தூங்கவில்லை. 1932இல் நாரிஸ் - லாகார்டியா சட்டம் வந்தது. அதை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. தொழில் தகராறுகளில் தடையுத்தரவு போடும் அதிகாரத்தை மத்தியக் கோர்ட்டுகளிடமிருந்து பெரும்பாலும் பறித்தது அந்தச் சட்டம். அறிஞனின் ஏடு தொழிலாளிக்குக் கேடயமாயிற்று!

பின்னர் ரூஸ்வெல்ட் காலம். ஏழைகளுக்காக அவர் கொண்டுவந்த சட்டங்களைக் கோர்ட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளியது. 1936 தேர்தலில் 48 மாநிலங்களில் 46ஐ வென்ற ரூஸ்வெல்ட், 1937 பிப்ரவரியில், நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவேன் என்று மசோதா கொண்டுவந்தார். அந்த மசோதா தோற்றது. ஆனால் மார்ச் 29இல், ஓட்டல் பணிப்பெண் ஒருவரின் வழக்கிலே, பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

தில்லியிலே திரும்பிய கதை

"அமெரிக்கக் கதை அளந்தது போதும், நம் கதைக்கு வாருங்கள்" என்பீர்கள். வந்துவிட்டோம், ஏனெனில் அந்த ஆசிரியர் நம் அரசியல் சட்டத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தார்!

1939இல் பிராங்க்பர்ட்டர் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியானார். 1947இல் நமது அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று அவரைச் சந்தித்தார். 'முறையான நீதி வழியின்றி ஒருவரது உயிரையோ உரிமையையோ பறிக்கக்கூடாது' என்ற வாசகம் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. ரொட்டிக் கடைச் சட்டத்தை ஐவர் வெட்டிச் சாய்த்தது அந்த வாசகத்தைக் காட்டித்தான். மக்கள் பிரதிநிதிகள் செய்த சட்டத்தை நீதிபதிகள் சிலர் ரத்துச் செய்ய விடுவது ஜனநாயகமாகாது. நீதிபதிகளுக்கும் அது தகாத சுமை என்பது பிராங்க்பர்ட்டரின் கருத்து. ராவ் அதை இங்கே எடுத்துவந்தார். வாசகம் மாறியது. 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி' என்று நமது 21ஆவது விதி அமைந்தது.

விளைவு என்ன? இரு வழக்குகளைப் பாருங்கள். இரண்டும் சென்னை ராஜ்யத்திலே கிளம்பியவை.

முதல் வழக்கு, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுடையது. விசாரணையின்றித் தடுப்புக் காவலில் கிடந்தார். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950 மே 19இல் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது என்ன? சட்டம் இருக்கிறது, நடைமுறை இருக்கிறது, அது நியாயமா என்று நாங்கள் பார்க்க மாட்டோம்! பசல் அலி என்ற ஒரு நீதிபதி மட்டும் அந்தப் பெரும்பான்மையோடு மோதி நின்றார். மக்களோ 1952இல் கோபாலனை லோக்சபைக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவது வழக்கு நம் நெஞ்சைத் தொட்டது: வகுப்புவாரி உரிமை! பதினான்கு இடமென்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்டோருக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்ட ஆணை. எல்லோருக்கும் இலை போட்ட பந்தி! வழக்குத் தொடுத்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு மனுவே போடவில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆயினும் 1951 ஏப்ரல் 9இல் ஆணை செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட்டு. தமிழகம் கொதித்தது. பெரியார் எழுந்தார், நம் இயக்கத் தோழர்கள் எழுந்தனர், வீதி பேசிற்று. 1951 ஜூன் 18இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற பிரிவு சேர்ந்தது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். காவலில் கிடந்தவனுக்காகக் கோர்ட்டு கை நீட்ட வேண்டிய இடத்தில் கையைக் கட்டிக்கொண்டது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அரசு இலை போட்ட இடத்தில் கையை நீட்டி இலையை எடுத்தது. அடக்கம் வேண்டிய இடத்தில் ஆவேசம். ஆவேசம் வேண்டிய இடத்தில் அடக்கம்!

மதகுக்காரன் வேலை

அப்படியானால் கோர்ட்டே வேண்டாம் என்கிறோமா? இல்லை. ஆயிரம் முறை இல்லை!

எல்லையை ஆள்வோர் தமக்கு வசதியாக வரைந்துகொண்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தவர்கள் நாம். 1975 ஜூன் 12இல் அலகாபாத் ஐகோர்ட்டு பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. அம்மாத இறுதியில் நெருக்கடி நிலை. ஆகஸ்டில் 39ஆவது திருத்தம்: பிரதமரின் தேர்தலைக் கோர்ட்டு விசாரிக்கவே கூடாது! பெரம்பூர்த் தொழிலாளிக்காக 1926இல் கோர்ட்டின் எல்லை சுருங்கியது; ஒரு தனி நபரின் நாற்காலிக்காக 1975இல் சுருங்கியது. இரண்டும் ஒன்றா? நல்ல வேளை, அந்தப் பகுதியை 1975 நவம்பர் 7இல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியது. ஆனால் அடுத்த ஆண்டே தடுக்கி விழுந்தது. 1976 ஜனவரி 31இல் தமிழக மந்திரிசபை கலைக்கப்பட்டது. மிசாவில் தோழர்கள் அடைக்கப்பட்டனர். ஏப்ரல் 28இல் ஐந்து நீதிபதிகளில் நால்வர், காவலில் இருப்போர் ஐகோர்ட்டுக் கதவைத் தட்டவே முடியாது என்றனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். அதற்காகத் தலைமை நீதிபதிப் பதவியையும் இழந்தார்.

ஆகவே 'கோர்ட்டு எப்போதும் பெரிது' என்பதும் தவறு. 'கோர்ட்டு எப்போதும் ஒதுங்கு' என்பதும் தவறு. எங்கே, எதற்காக என்பதே கேள்வி.

அமெரிக்க அறிஞர்கள் இதைத்தான் பல பத்தாண்டுகளாக விவாதித்தனர். 1938இல் நீதிபதி ஸ்டோன் எண்ணெய் கலந்த பால் பற்றிய ஒரு வழக்கின் தீர்ப்பிலே நான்காவது அடிக்குறிப்பாகச் சில வரிகள் எழுதினார். தொழில், வாணிபச் சட்டங்களில் கோர்ட்டு தலையிடத் தயங்கட்டும். ஆனால் ஓட்டு, பேச்சு, அரசியல் வழி ஆகியவற்றை அடைக்கும் சட்டங்களையும், சிறுபான்மையோரை ஒடுக்கும் சட்டங்களையும் கூர்ந்து பார்க்கட்டும் என்பது சாரம். பிராங்க்பர்ட்டரிடம் பணியாற்றிய அலெக்சாண்டர் பிக்கல் 1962இல், பெரும்பான்மையின் முடிவைத் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் மறுப்பதில் உள்ள சிக்கலை எடுத்துக் காட்டினார். ஜான் ஹார்ட் ஈலி 1980இல் விடை தேடினார்: மக்களின் குரல் சபைக்குச் செல்லும் வழியைக் காப்பதே கோர்ட்டின் வேலை, மக்களுக்கு எது நல்லது என்று முடிவு கட்டுவது அல்ல.

நம் ஊர்ப் பேச்சில் சொல்வோம். ஏரியில் மதகு பார்க்கிற ஆள் இருக்கிறான். வாய்க்கால் அடைத்தால் அதை நீக்குவது அவன் கடமை. மேட்டு வயல்காரன் கடைமடைக்காரன் பங்கைத் திருப்பிக்கொண்டால் தடுப்பதும் அவன் கடமை. ஆனால் "உன் வயலில் நெல் நடாதே, கேழ்வரகு நடு" என்று சொல்ல அவனுக்கு உரிமை ஏது? கோர்ட்டு மதகுக்காரன். பயிரைத் தீர்மானிப்பவன் உழவன், அதாவது மக்கள்!

இந்த அளவுகோலைக் கவர்னர் விவகாரத்தில் வைத்துப் பாருங்கள். தமிழகச் சட்டசபை நிறைவேற்றிய மசோதாக்கள் ராஜ்பவனில் கிடந்தன. திரும்பி வந்த பத்து மசோதாக்களை 2023 நவம்பர் 18இல் சபை மீண்டும் நிறைவேற்றிற்று. கவர்னர் அவற்றை ஜனாதிபதிக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் அது சட்டவிரோதம் என்றனர், பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றனர், காலக்கெடுவும் வகுத்தனர். வாய்க்கால் அடைப்பு நீங்கியது என்று நாடு மகிழ்ந்தது.

ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20இல் ஐந்து நீதிபதிகள் கருத்துரை தந்தனர். கவர்னர் மசோதாவைச் சபைக்குத் திருப்பாமல் வெறுமனே முடக்க முடியாது என்றனர், நல்லது. காரணமின்றி நெடுங்காலம் தூங்கினால், முடிவெடு என்று மட்டும் கோர்ட்டு சொல்லலாம் என்றனர். இதுவும் ஓரளவு நல்லது. ஆனால் காலக்கெடு விதிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை, ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளவும் வழியில்லை என்றனர்.

மரியாதையோடு நாம் கேட்கிறோம்: இது அடக்கம் காட்ட வேண்டிய இடமா? சட்டசபையிடம் கோர்ட்டு அடங்கி நிற்பது ஜனநாயகம். ஏனெனில் சபைக்குப் பின்னால் மக்கள் இருக்கிறார்கள். கவர்னருக்குப் பின்னால் எத்தனை ஓட்டு? ஒன்றுகூட இல்லை! தேர்ந்தெடுத்தவர்களின் முடிவை, தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் காலவரையின்றி அடைத்து வைத்தால், அதுதானே வாய்க்கால் அடைப்பு? பிராங்க்பர்ட்டர் ஒதுங்கு என்றது சட்டசபைக்காக. சட்டசபையை மறிப்பவருக்காக அல்ல. மாநில மந்திரிசபையைக் கலைத்தால் காரணத்தைக் கோர்ட்டு பார்க்கும் என்று 1994 மார்ச் 11இல் பொம்மை வழக்கில் சொன்ன அதே கோர்ட்டு, சபையின் சட்டத்தை முடக்கினாலும் பார்க்க வேண்டாமா?

பழையனூரின் எழுபதுபேர்

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நீலி கதை சொல்லாதவர் இல்லை. பேய் நம்பிக்கையைப் பரப்ப நாம் வரவில்லை. கதைக்குள் இருக்கும் கருத்தை எடுத்துக்கொள்வோம். பெண் வடிவில் வந்த நீலி, வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று வழக்குரைத்தாள். வேளாளர் எழுபதுபேர் கேட்டனர், "அவளோடு போ, உன் உயிருக்குத் தீங்கு வந்தால் எங்கள் உயிரைத் தருவோம்" என்று அவனுக்கு வாக்களித்தனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபதுபேரும் தீயில் இறங்கினர்!

எந்த நீதிபதியையும் நாம் தீயில் இறங்கச் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்கிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்று அந்த ஊர்க் கதை பேசுகிறதே, அதைக் கேட்கச் சொல்கிறோம். 1976இன் மிசாத் தீர்ப்புத் தவறு என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது எப்போது? 2017 ஆகஸ்ட் 24இல்! 41 ஆண்டு! அன்று தீர்ப்புச் சொன்ன நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட், 2017இல் அது பிழை என்று எழுதியவர் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட். மகன் திருத்தியது பெருமை. ஆனால் சிறையில் இழந்த நாட்களை யார் திருப்பித் தந்தார்கள்?

ஆகவே, தோழர்களே! தீர்ப்பு வந்த நாளன்று கைதட்டுவதோ கரித்துக்கொட்டுவதோ போதாது. தீர்ப்பைப் படியுங்கள், படிக்கத் தெரியாத தோழனுக்குப் படித்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு தீர்ப்பையும் ஒரே கேள்வியால் உரசிப் பாருங்கள்: இது மக்களின் வாய்க்காலைத் திறக்கிறதா, அடைக்கிறதா? திறந்தால் துணை நில்லுங்கள். அடைத்தால் 1951இல் செய்ததுபோல் சட்டத்தைத் திருத்தக் குரல் எழுப்புங்கள். அமைதியாக, அறவழியில், ஓட்டுச் சீட்டின் வலிமையோடு!

செப்பேட்டில் மன்னன் வகுத்த எல்லை அவன் காலத்தோடு போயிற்று. திருத்தணி மக்கள் தெருவில் நின்று கேட்ட எல்லை 1960 முதல் நிலைத்து நிற்கிறது. கோர்ட்டின் எல்லையை வகுக்க வேண்டியவர்களும் அந்த மக்களே!